யப்பான் கூத்துக்கு வாசித்தவர்

என் கணவர் ஒல்லாந்தரின் கப்பலில் துணிமூட்டைகளுக்குக் காவலாக யப்பான்வரை போய்வந்தார். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு சேலைகூட இல்லை. பூனைத்தோல் போர்த்தி மூன்று தந்தி கட்டிய வாத்தியம் ஒன்று வந்தது. அங்கே பொம்மைக்கூத்துக்கு அதைத்தான் வாசிப்பார்களாம். அதைக் கேட்டுப் பொம்மையே அழுமாம்.

அன்றிலிருந்து எங்கள் ஊரான பழவேற்காட்டின் சத்தம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மன் கோயிலில் கூத்துக்காரர்கள் மத்தளத்தை எடுத்தாலே முகம் சுளித்து எழுந்துவிடுவார்.

“இதெல்லாம் இன்னா அடி? அங்க மேளக்காரன் ஒரு தட்டு தட்டுவான், ‘யோ’னு குரல் குடுப்பான், அப்புறம் சும்மா இருப்பான். அந்தச் சும்மா இருக்கிறதுதான் பாட்டு.”

சும்மா இருப்பதில் அவருக்கு முன்பே நல்ல தேர்ச்சி. கூரைக்குக் கீற்று மாற்றுவது, பிள்ளைக்கு மருந்து வாங்கிவருவது என்று எல்லாவற்றிலும் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் ஒல்லாந்துக் கோட்டையின் தலைவர் தன் வீட்டு விருந்தில் அவரை வாசிக்கச் சொன்னார். நண்டு சமைக்கப் போயிருந்த நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அவர் காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்து மூன்று தரம் தந்தியைச் சுண்டினார். “யோ” என்றார். பிறகு ஒன்றுமில்லை. ஒல்லாந்துச் சீமாட்டிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். முடிந்ததும் கால் மரத்துப்போய் அவரால் எழ முடியவில்லை. இரண்டு வேலையாட்கள் தூக்கிவிட்டார்கள். அதுவும் அந்த ஊர் மரியாதை என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் பட்டுச் சால்வை போர்த்தினார்.

சில நாள் கழித்து, அதே கப்பலில் போயிருந்த மாலுமி ஒருவர் என்னிடம் கருவாடு வாங்க வந்தார். அந்த ஊர்க் கூத்து எப்படியிருக்கும் என்று கேட்டேன்.

“யாருக்குக்கா தெரியும்? கப்பல்காரங்கள எறக்கி வுடுற குட்டித் தீவு ஒண்ணு, அத்த வுட்டு எங்கள வெளிய வுடல. பாலத்துல காவல். அக்கரையில கூத்து நடந்தா காத்துல சத்தம் வரும். அண்ணன் வேலியாண்டயே நின்னு கேட்டுக்கினு இருப்பாரு. வாத்தியம் சமையக்காரன் ஒருத்தன் குடுத்தது.”

சாயங்காலம் அவர் சாப்பிடும்போது கேட்டேன்.

“அந்தக் கூத்த நீங்க பாக்கவே இல்லியாமே?”

“பாட்டு காதுக்குத்தானே? கண்ணு எதுக்கு?”

“பொம்ம அழுததுன்னீங்களே.”

“அழுத மாதிரிதான் கேட்டுது,” என்றார். கொஞ்சங்கூடக் கூச்சமில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

ஊற்றினேன். ஆத்திரப்படக்கூட இந்த மனிதரிடம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. அந்த மழைக்காலத்தில் ஏரிக்காற்றின் ஈரம் பட்டுப் பூனைத்தோல் கிழிந்தது. கஞ்சிரா செய்பவரிடம் உடும்புத்தோல் போட்டு வாங்கிவந்தார். சத்தம் முற்றிலும் மாறிவிட்டது. கோட்டையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு இளம் எழுத்தர்கள் அவரிடம் பாடம் கேட்கவும் தொடங்கினார்கள். காலை மடக்கி வரிசையாக உட்கார்ந்து “யோ” என்பார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இறால் காயவைக்கிற வேலை இருந்தது.