சுவருக்கு வெளியே போகும் சுடுதண்ணீர்

அன்று மொட்டை மாடியில் நின்றவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர். அவர் மனைவி, காய்ந்த துணியை மடித்துக்கொண்டு. என் மனைவி, நான் கேட்காமலே திரும்பிவிடுவேன் என்று கூட வந்தவள். நான்.

நான் பிளம்பர். கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து பதினாறு வருடம். சோலார் ஹீட்டருக்குக் குழாய் இழுக்கும் வேலைதான் அதிகம் வரும். எங்கள் வீட்டில் மட்டும் வாளிக்குள் கரண்ட் ராடு போட்டுத் தண்ணீர் காய வைக்கிறோம். வாடகை வீடு. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். எங்கள் தலைக்கு மேல் அவருடைய சோலார் டேங்க். அதன் குழாய் எங்கள் பாத்ரூம் சுவரை ஒட்டிக் கீழே இறங்குகிறது. எங்களுக்கு ஒரு சொட்டு கிடையாது.

தை மாதம் மனைவிக்கு ராடில் ஷாக் அடித்தது. சுவிட்சை அணைத்துவிட்டதாக நினைத்துக் கையை விட்டிருக்கிறாள். எங்கள் நான்கு வயதுப் பெண்ணும் அந்த வாளியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறாள். ராடு வீட்டை விட்டுப் போகவேண்டும். அதற்காகத்தான் மாடி ஏறினோம்.

"சார், இந்தக் குழாயில ஒரு டீ ஜாயிண்ட் வெச்சுப் பிரிச்சு எங்க பாத்ரூமுக்கு எடுத்துக்கறனுங்க. செலவு என்னுது. அரை நாள் வேலை."

"ஆகாதுப்பா. எங்களுக்கே பத்தல. ஒண்ணரை பக்கெட்டு சும்மா சாக்கடைல விட்டாத்தான் சூடு வருது. இவளைக் கேளு."

"வெறும் குழாயா இருக்குதுங்க. வர்ற வழியிலயே ஆறிப்போகுது. மேல ஃபோம் சுத்திட்டா அந்தத் தண்ணி மிச்சமாகும். அந்த மிச்சத்த நாங்க எடுத்துக்கறோம்."

"பிளம்பரைக் குடி வெச்சதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம்," என்று அவர் மனைவி சிரித்தார்.

"முதல்ல சுத்துப்பா. பாக்கலாம்," என்றார் வீட்டுக்காரர்.

படி இறங்கும்போதே மனைவி சொன்னாள்: "பாக்கலாம்னுதான் சொன்னாருங்க. தர்றேன்னு சொல்லல."

நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் குழாய்க்கு ஃபோம் சுற்றினேன். வளைவுகளில் இரண்டு சுற்று. வெயில் படும் இடத்தில் மேலே இன்னொரு உறை. கூலி வாங்கும் வீட்டில்கூட இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

மறுநாள் அவரே மேலே வந்தார்.

"அரைச் சொம்பு விட்டாப் போதும்ப்பா. கொதிக்கக் கொதிக்க வருது!"

"அப்ப டீ ஜாயிண்ட் வெச்சுக்கட்டுங்களா?"

"அது ஆகாதுப்பா. பொண்ணு, மாப்பிள்ளை, பசங்க எல்லாம் பெங்களூர்ல இருந்து வர்றாங்க. உனக்குக் கொடுத்தா, நாளைக்கு வேற ஒருத்தன் குடி வருவான், அவனும் கேப்பான். ராடு இருக்குல்ல? ஜாக்கிரதையாப் போட்டுக்கோங்க."

"தண்ணி மிச்சமாச்சே சார்."

"ஆச்சு, ஆச்சு. இப்பதான் நிம்மதியாக் குளிக்கிறோம்."

சுற்றியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நன்றாகச் செய்த வேலை. கை வரவில்லை.

வேறு வீடு தேடினேன். மூன்று பார்த்தேன். மூன்றிலும் சோலார் உண்டு. மூன்றிலும் அது வீட்டுக்காரருக்கு மட்டும்.

இன்று காலையும் மனைவி ராடு போட்டாள். நான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வாசலில் நின்றேன்.

"ஊருக்கெல்லாம் சுடுதண்ணி விடற ஆளு, இங்க வாளிக்குக் காவலு," என்றாள்.

பிளக்கை அவள் பிடுங்கிய பிறகு பெண்ணை இறக்கிவிட்டேன். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தேன். எங்கள் பாத்ரூம் குழாய்க்கும் வெளியே போகும் அவருடைய குழாய்க்கும் நடுவில் எவ்வளவு என்று, சுவரையும் சேர்த்து அளந்தேன்.

பதினோரு அங்குலம்.