குளிர்கிடங்கில் ஒரு வாலிடேஷன்

காலை ஆறு நாற்பதுக்குக் குளிர்கிடங்கின் கதவு திறந்தது. முதலில் கண்ணில் பட்டவை அங்கே பெட்டிகளைச் சரிபார்க்கும் ஊழியர் மேரியின் கைகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கையுறை மாட்டியிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ பக்கம், ஒரு மருந்து நிறுவனத்தின் கிடங்கு அது. வெளியே போகும் தடுப்பூசிப் பெட்டிகளைச் சரிபார்க்கும் கையடக்க ஸ்கேனருக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதியிருந்தோம். நான் டெஸ்டர். அன்று வெள்ளி. திங்களன்று ரிலீஸ். ரிலீஸ் சொதப்பினால் கான்ட்ராக்ட் முடிந்தது என்று கிளையன்ட் சொல்லியிருந்தார். எங்கள் குழுவில் எல்லோரும் எச்-1 விசாக்காரர்கள்; வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

முந்தின நாள் மாலை, குளிர்கிடங்குக்குப் போய்ப் பார்க்க எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் சேகரிடம் அனுமதி கேட்டபோது அவர் எரிச்சலானார்.

"எல்லா டெஸ்ட்டும் பாஸ், கீதா. வெரிஃபை பண்ணியாச்சு. இன்னும் என்ன வாலிடேட் பண்ணணும்? ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சேகர். அவங்க எழுதிக் கொடுத்தபடி செஞ்சிருக்கோமான்னு பாத்தது வெரிஃபிகேஷன். இத வச்சு அவங்களால வேலை செய்ய முடியுதான்னு பாக்கறது வாலிடேஷன். அத நாம பண்ணவே இல்ல."

"டிக்‌ஷனரிய மூடி வை தாயே."

"ஹீட்டர் போட்ட ஆபீஸ்ல உக்காந்து வெறும் விரலால தட்டிப் பாஸ் போட்டிருக்கோம். குளிர் ரூமுக்குள்ள நம்மள்ல யாராவது போயிருக்கோமா?"

"சரி, போய்ட்டு வா. ஜுரம் வந்தா லீவு கேக்காத."

வெள்ளி காலை, நான் பார்த்துக்கொண்டிருக்க, மேரி ஒரு பெட்டியை ஸ்கேன் செய்து, திரையில் 'அக்செப்ட்' பொத்தானை அழுத்தினார். பக்கத்திலேயே 'ரிஜெக்ட்'. தடித்த கையுறை விரல் இரண்டு பொத்தான்களையும் மூடியது. நல்ல பெட்டி ரிஜெக்ட் ஆனது. மறுபடியும் அதுவே. பிறகு கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி அழுத்தினார். அக்செப்ட்.

"பெட்டிக்குப் பெட்டி இப்படியா, ஹனி? மதியத்துக்குள்ள என் விரல் விழுந்துடும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

கிடங்கு போனிலிருந்து சேகரை அழைத்தேன். வந்தார். கையுறை மாட்டி அவரே அழுத்திப் பார்த்தார். ரிஜெக்ட்.

"யாருடா இந்த ஸ்க்ரீன டிசைன் பண்ணது?"

"நீங்கதான், சேகர்."

"சிரிக்காத. எல்லாரையும் கூப்பிடு. மாத்திடலாம்."

சனிக்கிழமை பொத்தான்களைத் திரையின் இரு ஓரங்களுக்குத் தள்ளிப் பெரிதாக்கினார்கள். எல்லா டெஸ்ட்டையும் புதிதாக ஓட்டினேன், அது வெரிஃபிகேஷன். ஞாயிறு காலை மேரி குளிர்கிடங்கில் நின்று, கையுறையோடு அடுக்கடுக்காகப் பெட்டிகளை அனுப்பிக் காட்டினார்; அது வாலிடேஷன். "திஸ் ஐ கேன் யூஸ்" என்று கட்டைவிரலை உயர்த்தினார். கூட வந்திருந்த சேகர் குளிரில் நடுங்கிக்கொண்டே கைதட்டினார்.

டெஸ்டிங் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெரிஃபிகேஷனை உங்கள் நாற்காலியிலேயே முடித்துவிடலாம். வாலிடேஷனுக்கு எழுந்து, சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

திங்களன்று ஒரு நல்ல பெட்டிகூட ரிஜெக்ட் ஆகவில்லை. அந்த வாரமே கான்ட்ராக்டை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்தார்கள்.