மூன்று தடவை

பட்டனை அமுக்கியதும் விண்டோஸ் எக்ஸ்பி விழிக்கும் அந்த இசை வந்தது. எனக்கு நகக்கண் கூசியது.

திருச்சுழிப் பக்கம் நான் படித்த அதே பள்ளி, அதே அறை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில், விடியக்காலை மிளகாய்க் காட்டில் கூலிக்குப் பறித்துவிட்டு நகத்தில் கரிசல் மண்ணோடு வருவேன். கம்ப்யூட்டர் சார் வாசலில் மறிப்பார்.

"காட்டு வேல பாத்த கையா? மூணு தடவ கழுவிட்டு வா. மிஷினு கெட்டுரும்."

காட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளை அவர் கேட்டதேயில்லை. பின்பக்கக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். கழுவிவிட்டு வந்தால் வகுப்பு முடிந்திருக்கும். இரண்டு வருடமும் அந்த இசையை வெளியே நின்றுதான் கேட்டேன்.

இன்று அவர்தான் தலைமையாசிரியர். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"வாங்க மேடம். பெல் அடிக்கிற கருவி இந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் ஓடுது. கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க."

நிரல் எழுதும் பைத்தான் மொழியின் புதிய பதிப்பு எக்ஸ்பியில் ஏறாது. பழைய பதிப்பைத் தேடி ஏற்றி, மணியடிக்கும் நிரலை எழுதினேன். அதன் தலையில் என் பங்குக்குச் சில வரிகள் சேர்த்தேன். பிறகு அவரை உட்கார வைத்து ஓட்டச் சொன்னேன்.

கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்தது: கை கழுவியாச்சா? சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தட்டினார். அதே கேள்வி மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"தெனமும் கேக்குமா?"

"கேக்கும் சார். கழுவிட்டு வந்தே உக்காருங்க. மிஷினு கெட்டுரும்."