பட்டைத் தூணும் கதவுக்காரரும்

கடைவீதி முனையில் இருக்கும் அந்தப் பழைய வங்கிக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பணம் இருக்கும் இடம் இதுதான் என்று ஊருக்கே உரக்கச் சொல்ல வேண்டுமென்று அதைக் கட்டியவர்களுக்கு ஆசை. இரண்டு ஆள் உயரத்துக்கு வெண்கலக் கதவு, உள்ளே வட்டமான கூடம், தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், அதைத் தாங்க நான்கு கல்தூண்கள். கப்பலில் வந்த தூண்களில் ஒன்று இறக்கும்போதே விரிசல் விட்டுவிட்டதாம். திருப்பி அனுப்ப மனமில்லாமல் இடுப்பில் ஓர் இரும்புப் பட்டையைப் போட்டு நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷமாக அதுவும் மற்ற மூன்றோடு சேர்ந்து சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

அந்தக் கதவைத் திறந்து மூடுவது நம்மவர் வேலை. எல்லோருக்கும் அவர் கதவுக்காரர். வருகிறவர்களுக்கு வணக்கம் வைப்பார். வயதானவர்களைக் கைபிடித்து உரிய கவுண்டருக்கு அழைத்துப் போவார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கே கண் சரியாகத் தெரியாது.

இரண்டு கண்ணிலும் புரை. எதிரே நிற்பவர் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் தெரிவார். ஆனால் கட்டடம் அத்துப்படி. பட்டைத் தூணைத் தொட்டுவிட்டு இடதுபக்கம் திரும்பினால் எழுதும் மேஜை, அதைத் தாண்டினால் கேஷியர் அம்மா. மேஜை, நாற்காலி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒருநாள்கூட அவர் முட்டிக்கொண்டதில்லை.

"அந்தக் கட்டடம் என்னைப் பெத்த தாய் மாதிரி" என்று மனைவியிடம் பெருமையடிப்பார். ரகசியம் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு.

"சின்ன ஆபரேஷன்தானாம், கண்ணைக் காட்டுங்களேன்" என்று அவள் கெஞ்சாத நாளில்லை.

"லீவு கேட்டா ஏன்னு கேப்பாங்க. கண்ணு தெரியாதவனுக்குக் கதவுல என்ன வேலைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு படிப்பு முடியட்டும்."

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. மகளின் கல்லூரிப் படிப்பு அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்க, தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து, ஆளுயர அட்டைப் பெண் ஒருத்தியைக் கதவருகே நிறுத்திவிட்டுப் போனார். வீட்டுக்கடன் விளம்பரம். மறுநாள் காலையில் கதவுக்காரர் அவளுக்கு வணக்கம் வைத்தார்.

"நிக்காதீங்கம்மா, உக்காருங்க. கவுண்டர் தொறக்க நேரமாகும்."

அந்த அம்மாள் அசையவில்லை. களைப்பாக இருக்கும் என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கூடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கேஷியர் அம்மா எழுந்து வந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "அண்ணே, அது அட்டை."

கதவுக்காரர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா என் பொழப்பு போயிடும்மா."

"அவர்தான் என்னை அனுப்பினாரு, கூட்டிட்டுப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்கன்னு. கதவு எங்கயும் ஓடிப்போகாது. கிளம்புங்க."

கண் தெளிந்து வேலைக்குத் திரும்பிய அன்று முதல் காரியமாக அட்டைப் பெண்ணுக்கு ஒரு வணக்கம் போட்டார். இந்தத் தடவை மேனேஜர் உட்பட எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். குவிமாடத்தின் நீலமும் மஞ்சளும் அப்படியே பளிச்சென்று தெரிந்தன. ஆசைதீரப் பார்த்துவிட்டுக் குனிந்தபோதுதான் தரை கண்ணில் பட்டது. எழுதும் மேஜையின் ஒவ்வொரு காலைச் சுற்றியும் வெள்ளை பெயின்டில் கோடு. நாற்காலிக் கால்களைச் சுற்றியும் கோடு. சில இடங்களில் பழைய கோடு தேய்ந்து, அதன்மேல் புதுக்கோடு.

"இதென்னம்மா?" என்று தரை துடைக்கும் பெண்ணைக் கேட்டார்.

"தொடைக்கிறப்போ நகர்த்தினா அதே எடத்துல வைக்கணும்ல, அதுக்குத்தான். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் அண்ணன் முட்டிக்குவாருன்னு கேஷியர் அம்மா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. புது மேனேஜர் வந்தா அவருக்கும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க."

"எப்பலேருந்து?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே கோடு இருந்துச்சுண்ணே."

அவள் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கதவுக்காரர் பட்டைத் தூணைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று அவரால் அதைக் கேட்க முடியவில்லை.