நீங்க எந்தத் தெரு?

கொரோனா முடிந்து பள்ளிகள் மறுபடி திறந்த சமயம். தாம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு, கணக்கு டீச்சர் வேலைக்காக இன்டர்வியூ போயிருந்தேன். முன்பு வேலை பார்த்த பள்ளியை மூடிவிட்டார்கள். அப்பாவும் முதுகுவலியால் கட்டட வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும் என்ற நிலைமை.

எதிரே இரண்டு பேர். ஒருவர் பள்ளியின் தாளாளர். பக்கத்தில் அங்கேயே வேலை பார்க்கும் மூத்த கணக்கு டீச்சர், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பத்தாம் வகுப்பில் மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அந்த அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். தாளாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரமே ஜாயின் பண்ணிடலாம்மா என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

எழுந்திருக்கும் நேரத்தில் சொந்த ஊர் எது என்று கேட்டார். குன்றத்தூரைத் தாண்டி இருக்கும் எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னேன்.

"அட, எனக்கு நல்லா தெரிஞ்ச ஊராச்சே! அங்க நீங்க எந்தத் தெரு?"

சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கூச்சமெல்லாம் கேள்வியோடு சரி, பதில் தெரியாமல் விடமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று மழுப்பிவிடச் சொல்லி என் தோழி ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தாள். ஏனோ அன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"காலனி சார்."

அவர் சிரிப்பு மாறவில்லை. பேனாவை மட்டும் மூடி வைத்தார். "சரிம்மா, இன்னும் ரெண்டு பேரைப் பாக்க வேண்டியிருக்கு. சொல்லி அனுப்புறோம்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா பேசினார். "சார், எங்க ஊர்ல நானும் காலனிதான். பதினஞ்சு வருஷமா இங்க இருக்கேன். நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

குரல் நடுங்கியது. தாளாளர், "அய்யோ மேடம், நான் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்" என்று அவசரமாகத் தண்ணீர் குடித்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலை எனக்கு வரவில்லை. வருத்தமில்லை என்றால் பொய். பல மாதம் டியூஷன் எடுத்துத்தான் வீட்டை ஓட்டினேன். இப்போது கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் இருக்கிறேன். நான் இழந்தது இன்னும் கைக்கு வராத ஒரு வேலையை. அந்த அம்மாவோ மறுநாள் காலை அதே ஸ்டாஃப் ரூமுக்குப் போயாகவேண்டும். முன்பின் தெரியாத ஒருத்திக்காக, அத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைப் போட்டு உடைத்துவிட்டார். ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் நான் மழுப்புவதில்லை. அந்த அம்மா அன்று தனியாகச் சொன்னதாக ஆகிவிடக்கூடாது.