அவள் குரலில் நான் வெட்டிய பாதி

ஒரு பெண்ணின் கோபத்தை நான் வெட்டி எறிந்தேன். அவள் சொன்ன பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அவள் சொன்னதே அவ்வளவுதான் என்று உங்களை நம்பவைத்தேன்.

கை தவறி நடந்ததல்ல. எந்த இடத்தில் வெட்டினால் மூச்சு இடறாது என்று திரும்பத் திரும்பக் கேட்டு, இடம் பார்த்து வெட்டினேன். எனக்கு அது பழகிய வேலை. கோவையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். பிறர் எழுதியதைச் சுருக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் பாட்காஸ்ட்டை நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்டதே இல்லை என்றால் இதைச் சொல்வது இன்னும் எளிது. என் குரலை நம்பும் பழக்கம் உங்களுக்கு இருக்காது.

நானும் சாதிக்கும் சேர்ந்து நடத்தினோம். சாதிக்குக்குக் கோட்டைமேட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பைத்தியம்: 'கொண்டை ஊசி' என்கிற திகில் விளையாட்டு. பீளமேட்டில் ஒரு சிறிய ஸ்டூடியோ உருவாக்கியது. அதை நடத்துபவர் கௌதம்.

விளையாட்டில் நீங்கள் ஒரு பேருந்து நடத்துநர். வால்பாறை மலைப்பாதையில், மூடுபனியில், வண்டி நின்றுவிடுகிறது. உதவி தேடி, எஸ்டேட் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடக்கிறீர்கள். எல்லா வீடும் பூட்டிக் கிடக்கிறது. கடைசி வீட்டு வாசலில் மட்டும் ஒரு பெண், கையில் சோற்றுத் தட்டுடன். முகம் தெரியாது. குரல் மட்டும் வரும்.

"சாமீ... சோறு ஆறுது... வா சாமி..."

திரையில் ஒரு பொத்தான் ஒளிரும். அழுத்தினால் உங்கள் நடத்துநர் குழந்தைக் குரலில் "வந்துட்டேன்மா!" என்பார். அழுத்தினீர்களோ, செத்தீர்கள். அழுத்தாமல் அந்த வாசலைக் கடப்பதுதான் ஆட்டம்.

அந்தக் குரலுக்காக மட்டுமே நாங்கள் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒதுக்கினோம். "யார் இந்த நடிகை?" என்று நான் உருகினேன். விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் தேநீர் வாங்கி வந்தவருக்குக்கூட நன்றி இருந்தது. அந்தக் குரலுக்குப் பெயர் இல்லை. செய்தித்தாளில் ஒரு படத்தின் கீழே பெயர் விடுபட்டால் கோபத்தில் குதிக்கும் நான், இதைப் பார்த்தேன்... பார்த்துவிட்டு, "பெயர் வெளியிட விரும்பாத மாபெரும் கலைஞர்" என்று ஒலிவாங்கியில் வசனம் பேசினேன்!

எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு விதி உண்டு. குறை சொல்ல விரும்பும் நேயர், முதலில் பிடித்ததைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகே பிடிக்காதது. மரியாதை தவறினால் ஒலிபரப்ப மாட்டோம். மற்ற ரசிகர் கூட்டங்கள் வசையில் புரண்டுகொண்டிருந்தபோது, நாங்கள் மட்டும் நாகரிகமாக விமர்சிக்கிறோம் என்று எங்களுக்குத் தலைக்கனம்.

"நம்மூர்ல கழுத்தைப் புடிச்சாக்கூட, 'கொஞ்சம் வலிக்குமுங்க'ன்னு சொல்லிட்டுத்தானுங்ணா புடிப்பாங்க" என்று சாதிக் சிரிப்பான். நானும் சிரித்தேன். நேயர்களும் சிரித்தார்கள்.

விளையாட்டு அடுத்துக் கைப்பேசிக்கு வரப்போகிறது என்று கௌதம் அறிவித்த சமயம் அது. நேயர்களின் கருத்தை வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொன்னோம். ஜெனிபர் அனுப்பினாள்.

"வணக்கமுங்க. நான் ஜெனிபர். சொந்த ஊரு வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன். இப்ப சரவணம்பட்டியில ஐ.டி. கம்பெனில டெஸ்டரா இருக்கேனுங்க. உங்க நிகழ்ச்சியை முதல்லருந்து கேக்கறேன். ரூல்படி பிடிச்சதை முதல்ல சொல்லிடறேன். எங்க லைனை அப்படியே கொண்டாந்துட்டாங்க. தகரக் கூரை, தண்ணிக் குழாய், பனி... ஊட்டுக்கே போன மாதிரி இருந்துச்சுங்க. உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு."

இங்கே ஒரு மூச்சு. நீளமான மூச்சு.

"இப்ப பிடிக்காததுங்க. அந்தப் பேயோட குரலு நடிப்பு இல்லீங்க. அது எங்கக்கா. லில்லி. உசுரோடதான் இருக்கா. அவ பையனை லைனுக்குப் பின்னாடி சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. அன்னைலிருந்து பொழுது சாஞ்சா தட்டுல சோத்தைப் போட்டுட்டு வாசல்ல நின்னு அவனைக் கூப்புடுவா. நாங்க தடுக்கறதில்ல. கூப்பிட்டு முடிச்சா உள்ள வந்து படுத்துக்குவா. அதை எவனோ மைக் வெச்சுப் புடிச்சுட்டுப் போயிருக்கான். எங்க வயித்தெரிச்சல் உங்களுக்குப் பேய்க் கத்தலா? அந்த நடிகை யாருன்னு உருகுனீங்களே, வெக்கமா இல்ல?"

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குத் தப்பிக்க வழியே இருந்திருக்காது. கோபப்பட்டாள்.

"போன்ல வந்துச்சுன்னா எங்க லைன்ல எல்லார் கையிலயும் வந்துரும். அதுக்குள்ள அந்தக் குரலை எடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல. கௌதம் சார் உங்க நிகழ்ச்சியை விடாம கேக்கறாருன்னு சொன்னீங்கல்ல... அதான் உங்களுக்கு அனுப்பறேன்."

அவ்வளவுதான். ஒரே ஒரு கோரிக்கை. ஒரு ஒலிக்கோப்பை நீக்கிவிட்டு, ஒரு நடிகையை அழைத்து நாலு வார்த்தை பேசவைத்தால் முடிகிற வேலை.

சாதிக் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "முழுசாப் போடுங்ணா. ஒரு எழுத்துக்கூடக் கொறைக்காதீங்க."

"எவனோ, வெக்கமா இல்லையா... இதெல்லாம் நம் விதிக்குள் வராதே, பாய்" என்றேன்.

"ரூலு என்ன வானத்துலருந்தா எறங்குச்சு? நாம ரெண்டு பேரும் பேக்கரியில ஒக்காந்து போட்டதுதானுங்களே! அந்தப் புள்ள நம்ம ரூலை மதிச்சு முதல்ல நல்லதைச் சொல்லியிருக்குதுங்ணா. அதைவிட என்ன மரியாதை வேணும் உங்களுக்கு?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நிகழ்ச்சியைத் தொகுப்பது என் பொறுப்பு. சாதிக் என்னை நம்பி வீட்டுக்குப் போனான்.

நீங்கள் இப்போது கேட்பீர்கள்: ஏன் வெட்டினாய்?

விதி, மரியாதை, நிகழ்ச்சியின் பெயர் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. எல்லாம் பொய். உண்மை அசிங்கமானது. இரண்டாம் பாகத்துக்குக் கதை வசனம் எழுத கௌதம் என்னை அழைத்திருந்தார். சாதிக்குக்கு அது தெரியாது. வாழ்நாள் முழுவதும் பிறர் எழுத்தைச் சுருக்கியவன் நான்... என் பெயர் திரையில் வரப்போகிறது! அதற்கு முன்னால் ஒரு பெண் வந்து வழியில் நிற்கிறாள். அவளை நகர்த்தினேன். அவ்வளவே.

அவள் எங்கள் விதியை மதிக்காமல் எடுத்த எடுப்பில் திட்டியிருந்தால், என்னால் எதையும் பயன்படுத்தியிருக்க முடியாது. அந்தப் பாராட்டு இருந்ததால்தான் எனக்கு வெட்டுவதற்கு ஒரு விளிம்பு கிடைத்தது. அந்த நீளமான மூச்சுக்கு முன்னால் நிறுத்தினேன். "உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு." பிறகு எங்கள் இசை. கச்சிதமாக இருந்தது. எவ்வளவு கச்சிதம் என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன்!

ஒலிபரப்பான அன்று அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"மீதி எங்கீங்க?"

இரண்டே சொல். அதிலும் அந்த 'ங்க'. நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? வாசகர் கடிதப் பகுதியின் அடியில் நாங்கள் அச்சிடும் வரிதான், 'இடமின்மை'யை மட்டும் மாற்றி. "நேரமின்மையால் சுருக்க வேண்டியதாயிற்றுங்க. பொறுத்துக்கொள்ளுங்கள்."

அவள் மறுபடி எழுதவில்லை. சாதிக் மட்டும் அழைத்தான். "சுருக்கலைங்ணா, திருப்பிப்போட்டீங்க" என்றான். அத்தோடு நிகழ்ச்சியை விட்டு விலகினான். அவனுக்கு உடல்நலக் குறைவு என்று நேயர்களிடம் சொன்னேன். அதையும் நீங்கள் நம்பினீர்கள்.

கௌதமிடம் தனியாகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரில் பார்க்கும்போது சொல்வோம் என்று தள்ளினேன். நேரில் பார்த்தபோது இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசினோம்.

கைப்பேசிப் பதிப்பு வந்தது. அதன் விளம்பரத்தில் ஜெனிபரின் குரல்! "எங்க லைனை அப்படியே கொண்டாந்துட்டாங்க... உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு." கீழே 'வால்பாறை மண்ணின் மகள்' என்று எழுத்து. அதைத் தொடர்ந்து அவள் அக்காவின் குரல். நிகழ்ச்சியில் நான் வெட்டிக் கொடுத்த துண்டை அவர்கள் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

எஸ்டேட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அக்காவின் அழுகையைத் தங்கை விற்றுவிட்டாள் என்று பேசினார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரியாத வரையில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பிறகு நேயர்கள் ஒரு பயணம் ஏற்பாடு செய்தார்கள். ஒரு வேனில் வால்பாறைக்கு. விளையாட்டில் வரும் இடங்களை நேரில் பார்க்க. நான் மறுத்திருக்கவேண்டும். போனேன். லில்லி என்கிற பெயரை அதுவரை யாரிடமும் சொல்லாதவன், முன் இருக்கையில் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளை எண்ணும் கூட்டத்தோடு கைதட்டிக்கொண்டு போனேன்.

பொழுது சாயும் நேரம். தேயிலைச் சரிவின் மேலே சாலையோரம் வண்டி நின்றது. கீழே லைன் வீடுகள். தகரக் கூரை. தண்ணீர்க் குழாய். எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். கடைசி வீட்டின் கதவு சாத்தியிருந்தது.

ஒருவன் கைகளைக் குவித்துக் குழந்தைக் குரலில் கத்தினான்.

"வந்துட்டேன்மா!"

கதவு திறந்தது.

ஒரு பெண் ஓடி வந்தாள். நடந்து வரவில்லை... ஓடி வந்தாள்! கையில் தட்டு. சோறு சிதறச் சிதற வாசலைத் தாண்டி, குழாயைத் தாண்டி, செடிகளுக்குள் இறங்கி, மேலே எங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த முகத்தை விவரிக்கும் தகுதி எனக்கு இல்லை. விவரிக்க மாட்டேன். என் தொழில் அதுதான் என்றாலும் மாட்டேன்.

மேலே ஒருவன் சொன்னான்: "டேய், சூப்பர்டா! அப்படியே இருக்காங்கடா!"

பின்னாலேயே இன்னொருத்தி வந்து அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்தாள். ஜெனிபர். விடுமுறைக்கு வந்திருந்தாள் போலும். அவள் கத்தவில்லை. "போயிருங்க சாமி... போயிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்றேன். ஜெனிபரின் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. என் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. குரலை வாரந்தோறும் கேட்டிருக்கிறாள்.

"ஏனுங்க... நீங்கதானுங்களா அது?"

மறுபடி பேசினால் தெரிந்துவிடும். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்ததும் கௌதமிடம் போனேன். வீரம் அல்ல, நடுக்கம். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அது ஆம்பியன்ஸ்ங்க. ராத்திரிப் பூச்சிச் சத்தம் எடுக்கப்போன எடத்துல அந்தம்மா குரலும் விழுந்துருச்சு. நாங்களா கூப்பிடச் சொன்னோம்? நீங்களே பாராட்டுனீங்களே!" மரியாதையாகச் சொன்னார். காபியும் வரவழைத்தார். அந்த மரியாதையை அப்படியே அவர் முகத்தில் வீசியிருக்கவேண்டும்! நான் காபியைக் குடித்தேன். இரண்டாம் பாகம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

பாட்காஸ்ட்டை நிறுத்தினேன். முழு வாய்ஸ் நோட்டையும் வெளியிட அனுமதி கேட்டு ஜெனிபருக்கு எழுதினேன். நான்தான் அன்று தலையாட்டியவன் என்பதையும் எழுதினேன். பல நாள் கழித்துப் பதில் வந்தது.

"இப்ப எதுக்குங்க? அக்கா கூப்பிடறதை நிறுத்திட்டா. அன்னைக்கு அவன் குரல் கேட்டுச்சு, நான் போறதுக்குள்ள போயிட்டான்னு சொல்றா. சோத்தைத் தொடறதில்ல. உங்க நிகழ்ச்சிக்கு மேட்டர் வேணும்னா வேற ஆளைப் பாருங்க."

இதிலும் 'ங்க'! அதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. 'நாயே' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் என்ன? யார் அவளுக்கு இந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்தது? நான்தான். நாங்கள்தான். காயம்பட்டவளிடம் முதலில் பிடித்ததைச் சொல் என்று கேட்டோமே!

அவள் அனுமதிக்காததால் அந்த வாய்ஸ் நோட்டை எங்கும் வெளியிடவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுதுவதும் இன்னொரு திருட்டுத்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் பீளமேட்டிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் கல்லூரி மாணவர்கள் இருவர், ஒரு கைப்பேசியின் மேல் குனிந்திருந்தார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே அது கேட்டது.

"சாமீ... சோறு ஆறுது... வா சாமி..."

"அமுக்காதடா, அமுக்காத!" என்று ஒருவன் சிரித்தான். மற்றவன் அமுக்கினான்.

அவன் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது யார் என்று சொல்லியிருக்கலாம். கையைத் தூக்கினேன்... கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

என் நிறுத்தம் வந்தது. இறங்கிவிட்டேன்.