செல்லத்துரையின் பேச்சு நிற்கும் இடம்

செல்லத்துரைக்கு ஸ்டியரிங்கும் மைக்கும் சேர்ந்தே வாய்த்திருந்தன. சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்து ஜீப் டிரைவர். போடியில் புதுப்படம் வந்தால் ஜீப்பில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, ஓட்டிக்கொண்டே விளம்பரம் சொல்வான். எழுபத்துநாலில் ஒரு டயர் கம்பெனி அவனைத் தேடி வந்தது. போடிமெட்டு மலைப்பாதையில் வேகமாக இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டே டயரின் பெருமையைப் பேச வேண்டும்.

அன்று வளைவுக்கு வளைவு கூட்டம். அவன் மனைவி மூக்கம்மாள் எட்டாம் வளைவில் நின்றாள். மேலே ஜீப் தெரிந்தபோது என்ஜின் இரைச்சலில் அவன் சொல்வது விளங்கவில்லை. பிறகு இரைச்சல் நின்றது. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

என்ஜினை அணைத்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து மெட்டு டிரைவர்கள் இறக்கத்தில் என்ஜினை அணைத்து வண்டியை உருட்டுவது வழக்கம்தான். ஆனால் மாட்டுவண்டி வேகத்தில். இவன் பேச்சு கேட்கட்டும் என்று அணைத்திருக்கிறான்.

"வழுக்காது, பாத்துக்கங்க" என்றது குழாய்.

பிரேக் கருகும் வாடை அடித்தது. ஜீப் அவளைக் கடந்து, கட்டைச்சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. மைக் அணையவில்லை. அவன் முனகல் மலை முழுக்கக் கேட்டது. கீழ் வளைவுகளில் நின்றவர்கள், அதுவும் விளம்பரம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் நினைவு திரும்ப இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அந்த இறக்கத்தின் நினைவு மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் சொன்னதைக் கோத்து அவனே ஒரு கதை செய்துகொண்டான். டீக்கடையில் அதைக் கேட்க ஆள் கூடியது. நடுவில் அவன் சட்டென்று நிறுத்துவான். எல்லோரும் வாய் பிளந்து காத்திருப்பார்கள். ஐந்தாறு மூச்சு கழித்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்வான்.

"என்னமா நிறுத்துறான்யா" என்பார்கள்.

மூக்கம்மாளுக்கு மட்டும் தெரியும். வீட்டில் கையில் அள்ளிய சோறு வாய்க்குப் போகாமல் அப்படியே நிற்கும். ரசம் முழங்கை வரை வழியும். கண் திறந்தே இருக்கும். கேட்டால், "நான் எப்ப நிறுத்துனேன்?" என்பான்.

ஏழு மாதம் கழித்துத் தோட்டத்தில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஏலப்பழம் எடுக்கப் போகும் பெண்கள் பதினாலு பேரை மேல் காட்டுக்கு ஏற்றிப் போக வேண்டும்.

"வேணாங்க" என்றாள் மூக்கம்மாள்.

"ஏத்தந்தானடி. இறக்கமா?"

திங்கட்கிழமை காலை அவள் ஜீப் வரைக்கும் பின்னாலேயே போனாள். பெண்கள் ஏறிவிட்டார்கள்.

"அண்ணே, மைக் இல்லாம ஒனக்கு வண்டி ஓடுமா?" என்றாள் குருவம்மாள்.

"வாயி இருக்குல்ல" என்றான் அவன். ஹேண்ட்பிரேக்கை விட்டான். "அன்னைக்கு எட்டாம் வளைவுல பாரு, என் கையில..."

பேச்சு நின்றது.

பெண்கள் சிரித்தபடி காத்திருந்தார்கள். ஜீப் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் ஓடை. "வெளாடுறாரு" என்று ஒருத்தி சொன்னாள். மூக்கம்மாள் வரப்புக் கல் ஒன்றைப் புரட்டி, சக்கரத்துக்கு அடியில் காலால் தள்ளினாள். வண்டி முட்டி நின்றது.

"எறங்குங்கடி" என்றாள். "அவருக்கு நெனவு இல்ல. அப்பப்ப இப்படித்தான் போயிரும்."

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரபாண்டி குடையை மடக்கிக்கொண்டு அருகில் வந்தார். சிரிப்பு அடங்கியது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள்.

"...மைக் இருந்துச்சு" என்று செல்லத்துரை முடித்தான். திரும்பிப் பார்த்தான். வண்டியில் ஒருத்தரும் இல்லை.

"யாரு எறங்கச் சொன்னது?"

"நாந்தான்" என்றாள் மூக்கம்மாள்.